நாற்பத்து மூன்றாம் வரி

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இரத்த அழுத்தம் 148/90. மேல்நிலைத் தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆனது. போன வாரம் பதினெட்டு. மோட்டாரைக் காட்ட வேண்டும்.

செவ்வாயும் வெள்ளியும் எனக்கு அலுவலக நாட்கள். கல்லூரிக் கணினி மையத்திலிருந்து ஓய்வு பெற்றது முதல் பதின்மூன்று ஆண்டுகளாக, பாளையங்கோட்டையில் பதினான்கு பேர் வேலை பார்க்கும் இந்த நிறுவனத்துக்கு ஆலோசகன் என்ற பெயரில் போய் வருகிறேன். டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த இயந்திரம், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

இன்று உள்ளே நுழைந்தபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாருடைய தொலைபேசியும் அடித்துக்கொண்டிருந்தது. பதினொரு மையங்களில் நேற்றுக் காலையிலிருந்து திரை பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய புதிய பதிப்போடு வேறு எதுவோ சேர்ந்து போயிருக்கிறது.

"நாம சேக்கலன்னா அது தானா முளைச்சிருச்சா?" என்று முதலாளி ஜெபராஜ் கத்தினார்.

இசக்கியம்மாள்தான் பதில் சொன்னாள். முப்பத்து மூன்று வயது. எல்லாருடைய வேலையையும் சேர்த்து ஒரே பதிப்பாகக் கட்டி அனுப்புவது அவள் பொறுப்பு. "சத்தம் போட்டா பூட்டு தெறக்குமா சார்? பதிப்பு கட்டுற சர்வருக்குள்ளயே எவனோ பூந்திருக்கான். மொதல்ல மையத்துக்காரங்கள நோட்டுல எழுதி நடத்தச் சொல்லுவோம்."

அப்படியே செய்தார்கள். அவள் போகிறபோக்கில் என்னைப் பார்த்து, "நயினார் சார், மொகம் வெளுத்துக் கெடக்கே. மாத்திரை போட்டியளா?" என்றாள். போட்டேன் என்றேன்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.


ஆகஸ்ட் 7, புதன்

காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்தே அலுவலக சர்வரில் நுழைந்து, மாற்றி என்ற கருவியில் ஒரு வரியைச் செப்பனிட்டேன். நாற்பத்து மூன்றாம் வரி. நெடுநாளாக நிலுவையில் இருந்த சிறு வேலை. கோப்புக்குப் பழைய தேதியையே திரும்ப வைத்தேன். என் கோப்புகளில் தேதி வரிசை கலைவது எனக்குப் பிடிக்காது.

சிலிண்டர் வந்தது. வாஷர் சரியில்லை என்று வேறொன்று மாற்றித் தரச் சொன்னேன்.


ஆகஸ்ட் 9, வெள்ளி

சென்னையிலிருந்து வித்யாதரன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளரை ஜெபராஜ் வரவழைத்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும். மரியாதையான மனிதர். எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து இசக்கியிடம் கேட்டார்.

"போன சனிக்கிழமை பதினொன்னு நாப்பத்திரண்டுக்கு நீங்க ஒரு ஃபைலை ஏத்துக்கிட்டிருக்கீங்க. அடுத்த நொடி, உங்க கணக்குலேருந்தே சர்வருக்கு ஒரு கட்டளை போயிருக்கு. வெளியிலேருந்து இன்னொண்ணை இறக்கு, பதிப்போட சேருன்னு. அப்புறம் அந்த ஃபைலும் அழிஞ்சிருக்கு."

"ஏத்துக்கிட்டது நான்தான். கட்டளை நான் அடிக்கல."

"அப்ப யாரு அடிச்சது?"

"அந்த ஃபைலோட பேரு நீளமா இருந்துச்சு சார். பேருக்குள்ளயே கட்டளைய ஒளிச்சு அனுப்பியிருக்கணும். மாத்திதான் பேரை எடுத்து சர்வர்ட்ட குடுக்கும். அதுவழியாத்தான் பூந்திருக்கான்."

"பேர்ல கட்டளை இருந்தா உங்களுக்குத் தெரியாதா?"

"டைப் கடையிலேருந்து வாரதெல்லாம் பழைய எழுத்துல அடிச்சது சார். நம்ம திரையில பாத்தா கோழி கெளறுன மாதிரி இருக்கும். அரைப்புள்ளியும் கோடும் கொம்பும். அதுல எது பேரு, எது வெசம்னு நான் எதக் கண்டேன்?" யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மாற்றி என்பது நான் எழுதிய கருவி. 212 வரிகள். மென்பொருளில் வரும் தமிழ் வாசகங்களை மாவட்டத்து டைப் கடைகளில் அடித்து வாங்குகிறோம். அவர்கள் இன்னும் அந்தக் காலத்து எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். கோப்பின் பெயரையும் அப்படியே வைக்கிறார்கள். மாற்றி அதை இன்றைய எழுத்துக்குக் கொண்டுவரும். இசக்கி ஒரு கோப்பை ஏற்றுக்கொண்டதும் தானாக ஓடும்.

பெயருக்குள் கட்டளை வைத்த முப்பது கோப்புகளை வித்யாதரன் தயாரித்து மாற்றியில் கொடுத்தார். நாற்பது நிமிடம். மாற்றி முப்பதையும் வெறும் பெயராகவே எடுத்துக்கொண்டது. ஒரு கட்டளையும் ஓடவில்லை. கோப்பின் தேதியைப் பார்த்தார்: 2011 நவம்பர். "பதின்மூணு வருஷமா யாரும் தொடலை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார்.

"இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்க" என்றாள் இசக்கி. ஓட்டினார். அதே விடைதான். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

மாலையே சர்வரைத் துடைத்துப் புதிதாக நிறுவிவிட்டார்கள். மையங்கள் ஓட வேண்டுமே. சனிக்கிழமைப் பதிவுகளை மட்டும் வித்யாதரன் எடுத்து வைத்துக்கொண்டார்.

தயிர்சாதத்தைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 160/94.


ஆகஸ்ட் 10, சனி

மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். பழைய குறுந்தகடு ஏழு, பென் டிரைவ் இரண்டு. பழைய மெயில்களையும் கழித்தேன். குப்பை வண்டி எட்டே காலுக்கு வந்தது.


ஆகஸ்ட் 12, திங்கள்

ஜெபராஜ் தொலைபேசியில் அழைத்தார். இசக்கியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தாயிற்று. அவளுடைய லேப்டாப்பையும் போனையும் போலீஸ் எடுத்துக்கொண்டது.

"ஏழு வருஷம் கூட இருந்த பிள்ள சார். ஆத்திரத்துல செஞ்சாளோ, எவன் பேச்சயும் கேட்டு செஞ்சாளோ" என்றார். அழுதுவிடுவார்போல இருந்தது. நல்ல மனிதர்தான்.

கடையநல்லூர்ப் பக்கத்து மையம் ஒன்றில் பஸ் நடத்துநர் ஒருவருக்குத் திங்கட்கிழமை டயாலிசிஸ் முறை தவறி, செவ்வாய்க்குத் தள்ளியதும் நடக்காமல், மூச்சு முட்டித் தீவிர சிகிச்சையில் கிடக்கிறாராம். மனைவி செண்பகம் செய்தித்தாளிலிருந்து வாசித்துக் காட்டினாள். "ஐம்பத்தோரு வயசு, பாவம். எவன் செஞ்சானோ, அவன் வெளங்குவானா?" என்றாள்.

நான் மோட்டார்காரருக்குப் போன் செய்யப் போனேன். அவர் எடுக்கவில்லை.


ஆகஸ்ட் 13, செவ்வாய்

அலுவலகத்தில் இசக்கியின் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

நான்கு மணிக்குப் புது எண்ணிலிருந்து அழைப்பு. இசக்கி. பக்கத்து வீட்டுப் போனாம்.

"சார், மாத்திய எழுதுனது நீங்க. அது எங்க உடையும்னு உங்களுக்குத் தெரியாததா? அந்த மெட்ராஸ்காரர் சோதிச்ச தினுசு சரியில்லன்னு நெனைக்கேன். நீங்க ஒருக்கா சோதிச்சு, இந்த மாதிரி பேரு வந்தா உடையும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்றேன்.

"யோசிங்க சார். உங்கள விட்டா எனக்கு இதச் சொல்லிப் புரியவைக்க ஆள் கெடையாது. எங்கண்ணன்ட்ட சொன்னா, கோப்புன்னா என்ன தாசில்தார் ஆபீஸான்னு கேக்கான்."

சிரித்துக்கொண்டே வைத்தாள். கேட்பதற்குச் சிரிப்பு மாதிரி இருந்தது.


ஆகஸ்ட் 15, வியாழன்

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. மாணவன் ஒருவன் இப்படி விடை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டுவிட்டு வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

ஒழுங்காக எழுதுகிறேன்.

மாற்றி, கோப்பின் பெயரை ஒரு கட்டளை வாக்கியத்தின் நடுவே வைத்துக் கணினியிடம் கொடுக்கும். 'இந்தப் பெயருள்ள கோப்பைத் திற' என்பது போல. கணினிக்கு அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அர்த்தம். ஆகவே பெயரில் அரைப்புள்ளி வந்தால் தள்ளிவிடு என்று எழுதுவதுதான் பாடம். நானே அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்தப் பழைய எழுத்துருவில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் சாவியே அரைப்புள்ளிதான். அதைத் தள்ளினால் டைப் கடையிலிருந்து வரும் ஒரு கோப்பும் உள்ளே வராது. அதனால் அரைப்புள்ளியை அனுமதித்து, பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போட்டேன். மேற்கோளுக்குள் இருப்பதைக் கணினி வெறும் எழுத்தாகவே பார்க்கும். அன்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெயருக்குள்ளேயே ஒருவன் மேற்கோள் குறி வைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. என் மேற்கோள் அங்கேயே முடிந்துவிடும். அதன்பின் அவன் ஓர் அரைப்புள்ளி வைத்து என்ன எழுதினாலும் கணினி பணிந்து செய்யும். அதுதான் நாற்பத்து மூன்றாம் வரி.

இதுகூட அறியாமை என்று விட்டுவிடலாம். ஆனால் எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதம், யாழ்ப்பாணத்திலிருந்து கேதீஸ்வரன் என்பவர் எழுதினார். அங்கே ஓர் அச்சகத்தில் கணினி வேலை பார்ப்பவர். நான் இணையத்தில் இலவசமாக வைத்திருந்த மாற்றியை இறக்கிப் பயன்படுத்தியிருக்கிறார். ஓட்டை எங்கே, எப்படி உடைகிறது, எப்படி அடைக்கலாம் என்று மூன்று பத்தி. பெயரைக் கட்டளைக்குள் செருகாமல் தனியாகக் கொடுத்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். 'மிக்க நன்றி. கவனிக்கிறேன்' என்று பதில் போட்டேன்.

மூன்று நாள் முயன்றேன். ஒன்றைத் திருத்தினால் இன்னொரு பழைய கோப்பு திறக்கவில்லை. ஜெபராஜிடம் சொல்லியிருந்தால் இசக்கி ஒரே காலையில் திருத்தியிருப்பாள். அல்லது, இந்தப் பழைய மாற்றியே வேண்டாம், வேறு எழுதிக்கொள்வோம் என்றிருப்பார்கள். மாற்றி இல்லாவிட்டால் எனக்குச் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. அந்த மெயிலை 'பிறகு' என்ற உறைக்குள் போட்டேன்.

புதன்கிழமை காலை அதைத் திருத்த எனக்கு ஒரு மணி நேரமே ஆனது. பயம் வந்தால் எனக்குக்கூட எழுத வருகிறது.

நான் திருத்தியதைத்தான் வித்யாதரன் சோதித்தார். அவள் சொன்னது முழுக்க உண்மை. அதைப் பொய்யாக்கி வைத்தவன் நான்.


ஆகஸ்ட் 16, வெள்ளி

சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனேன். பஸ்ஸில் வாக்கியத்தைத் தயார் செய்தேன். 'ஜெபராஜ், ஒரு பிழை நடந்திருக்கிறது, அது என்னுடையது.' எளிய வாக்கியம்.

உள்ளே போய் நின்றதும் அவரே எழுந்து வந்தார். "நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார். இன்ஸ்பெக்டர் ஒரு சர்ட்டிபிகேட் கேக்காரு. மாத்தியில கோளாறு எதுவும் கெடையாதுன்னு, அத எழுதினவர் கையெழுத்தோட. வித்யாதரன் ரிப்போர்ட் இருக்கு. ஆனா உங்க கையெழுத்துன்னா கேள்வியே இல்லன்னு சொல்லுதாரு."

"ஜெபராஜ்" என்றேன்.

"சொல்லுங்க சார்."

"மின்விசிறி சத்தம் போடுகிறது" என்றேன்.

"ஆமா சார். எலக்ட்ரீசியன் வாரேன் வாரேன்னுட்டே இருக்கான்."

கடிதம் எழுதினேன். நான்கு வாக்கியம். 'நான் அறிந்தவரை' என்று தொடங்கியதை ஜெபராஜ் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். கையெழுத்திட்டேன்.


ஆகஸ்ட் 17, சனி

சர்க்கரை 211. சாப்பிடவில்லை.


ஆகஸ்ட் 18, ஞாயிறு

பத்தரை மணிக்கு வாசலில் இசக்கியின் குரல் கேட்டது. குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். வாளி நிரம்பி வழிந்தது. எழுபத்தொரு வயது. கணிதத்தில் முதல் வகுப்பு. வாளியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு முப்பத்தைந்து நிமிடம் இருந்தேன்.

வெளியே வந்தபோது செண்பகம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"இசக்கி போயிட்டா. உங்களுக்கு வயித்தால போகுதுன்னு சொன்னேன். எதுக்கு ஒளியுதீங்கன்னு நான் கேக்கல."

"என்ன சொன்னாள்?"

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காம். மாத்துத்துணி கொண்டு வான்னு ஒரு ஏட்டு சொன்னாராம். அப்படின்னா என்ன அர்த்தம்னு எங்கிட்ட கேக்கா. நான் என்னத்தச் சொல்ல? உங்க கடுதாசிய அங்க காட்டினாங்களாம்."

"கோபமாக இருந்தாளா?"

"கோபமா இருந்தா நல்லால்ல இருந்திருக்கும்?" கீரையை ஒதுக்கிவைத்தாள். "நயினார் சாரே எழுதிக் குடுத்துட்டாங்கன்னா அதுதான் சரியா இருக்கும் அம்மா, அவங்க ஒரு கமா தப்பா போட மாட்டாங்க, அப்போ நான்தான் என்னத்தையோ அழுத்திருக்கேன், அது எனக்கே ஞாபகம் இல்லன்னு சொல்லுதா. ராத்திரியெல்லாம் அந்தச் சனிக்கிழமைய நெனச்சு நெனச்சுப் பாக்காளாம். கை எங்க இருந்துச்சு, எதத் தொட்டேன்னு. இப்போ தொட்ட மாதிரியே இருக்காம்."

செண்பகம் அப்போதுதான் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அப்படி ஒரு தடவையும் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கீரைத் தட்டு மடியில் இருக்க, கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "நாளைக்கு வெள்ளச் சட்டைய தேச்சு வைக்கேன். போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.


ஆகஸ்ட் 19, திங்கள்

காவல் ஆய்வாளர் முப்பிடாதியின் முன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தேதி வாரியாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சார், உங்களுக்குப் பிள்ளைய எத்தன?"

"இல்லை."

"அதான்." நாற்காலியில் சாய்ந்தார். "அந்தப் பொண்ணு மேல உங்களுக்குப் பாசம். தப்பில்ல. ஆனா கேஸுக்குப் பாசம் உதவாது."

"பாசத்தினால் இல்லை. நான்தான் அந்த வரியை..."

அவர் கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே? மூணு நாள்தான் ஆவுது. கோளாறு கெடையாதுங்கிய. இன்னைக்கு வந்து ஓட்டைங்கிய. உங்க லெட்டர நம்பவா, உங்கள நம்பவா?"

"பழைய கோப்பைக் கொண்டுவந்தால்?"

"கொண்டாங்க."

எங்கிருந்து கொண்டுவருவது? குறுந்தகடுகள் குப்பை வண்டியில் போய் ஒன்பது நாளாயிற்று. இணையத்தில் வைத்திருந்ததையும் அன்றே மாற்றிவிட்டேன். சர்வரைத் துடைத்துவிட்டார்கள். மெயிலையும் அழித்துவிட்டேன். எனக்கு எதிரான சாட்சியங்களை ஒன்று விடாமல் அழித்திருக்கிறேன். அவளுக்கு ஆதரவான சாட்சியங்களும் அவையேதான் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் பொண்ணு வருது. கோர்ட்டுக்குக் கொண்டு போயிருவோம். அதுக்கு முன்னால ஏதாவது இருந்தா கொண்டாங்க. இல்லன்னா வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேதீஸ்வரனை நினைத்தேன். எண் இல்லை. அச்சகத்தின் பெயர் மட்டும் ஞாபகம் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைத் தேடி, யாழ்ப்பாணத்தில் மூன்று கடைகளுக்குப் போன் செய்தேன். மூன்றாவது கடையில் அவர் எண்ணைக் கொடுத்தார்கள். மாலை ஐந்தரைக்கு எடுத்தார்.

"ஓம், கேதீஸ்வரன்தான் கதைக்கிறன்."

பெயரைச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார். "ஐயா, கவனிக்கிறன் எண்டு எழுதினீங்கள். நானும் இரண்டு மாதம் பாத்தனான். பிறகு எங்கட அச்சகத்தில உங்கட மாற்றிய நிப்பாட்டிப் போட்டம்."

"அந்தப் பழைய பதிப்பு உங்களிடம் இருக்கிறதா? என்னுடைய பதில் மடலும்?"

"மடல் கிடக்கும். மாற்றி பழைய கணினியில எங்கயோ இருக்கோணும். அதைத் தேடோணும். என்ன அவசரம்?"

சொன்னேன்.

"அப்ப நீங்கள் அதுக்குப் பிறகும் திருத்தேல்லையா?"

"திருத்தினேன். பன்னிரண்டு நாளுக்கு முன்னால்."

"அந்தப் பிள்ளை எத்தினை மணிக்குப் போகவேணும்?"

"பத்து மணிக்கு."

"பழைய கணினி உயிரோட இருக்குதோ தெரியேல்ல. விடிய வந்து பாக்கிறன்" என்றார். வைத்துவிட்டார்.


ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒன்பதே முக்காலுக்கு ஸ்டேஷனில் இருந்தேன். மெயில் வரவில்லை.

பத்து மணிக்கு இசக்கி அவளுடைய அண்ணனோடு வந்தாள். ஆட்டோ ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். அவள் கையில் துணிப்பை. என்னைப் பார்த்ததும், "வயிறு சரியாயிட்டா சார்?" என்றாள். அவள் உள்ளே போனாள். பத்தரைக்கு ஜெபராஜும் வித்யாதரனும் வந்தார்கள்.

பதினொரு மணி. மெயில் இல்லை. கேதீஸ்வரன் போனை எடுக்கவில்லை. உள்ளே ஓர் எழுத்தர் தட்டச்சு செய்யும் சத்தம். அவள் பெயர், அப்பா பெயர், வயது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தார். அவள் தெளிவாகச் சொன்னாள். செய்தாயா என்று கேட்டபோது, "தெரியல சார்" என்றாள். அன்று அலுவலகத்தில் 'நான் அடிக்கல' என்று சொன்னவள். நான் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, திரை அணைய அணையத் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஓடிப்போய் அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று தோன்றியது. செய்யவில்லை. இதுவரை எதைச் செய்திருக்கிறேன்?

பதினொன்று இருபதுக்கு மெயில் வந்தது. என் பழைய மாற்றி. அதோடு இரண்டு ஆண்டுக்கு முந்தைய அவருடைய மடல், கீழே என்னுடைய பதில், தேதியோடு. 'கணினி ஒருமாதிரி எழும்பிவிட்டது' என்று ஒரே வரி எழுதியிருந்தார்.

அனுமதி கேட்காமல் உள்ளே போனேன். அதுவும் எனக்கு முதல் தடவை.

வித்யாதரன் அவருடைய லேப்டாப்பில் பழைய மாற்றியை வைத்தார். நான் ஒரு வெற்றுக் கோப்புக்குப் பெயர் வைத்தேன். முதலில் டைப் கடைக்காரர்கள் அடிக்கிற மாதிரி பழைய எழுத்தில் சில எழுத்து. ஒரு மேற்கோள் குறி. ஓர் அரைப்புள்ளி. அதன்பின் இன்றைய தேதியைக் காட்டு என்ற கட்டளை. மாற்றியை ஓட்டினேன். திரையில் ஆகஸ்ட் 20 என்று வந்தது.

முப்பிடாதி எட்டிப் பார்த்தார். "தேதியக் காட்டுன்னு இப்போ சொன்னது யாரு?"

"கோப்பின் பெயர்" என்றேன்.

வித்யாதரன் இரண்டு வரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பழைய நாற்பத்து மூன்று, புதிய நாற்பத்து மூன்று. கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப வெள்ளிக்கிழமை நான் சோதிச்சது..."

"நான் மாற்றிய பிறகு. தேதியையும் நான்தான் பழையபடி வைத்தேன்."

"சார்" என்றார் ஜெபராஜ். "லெட்டர் கேட்டப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். மின்விசிறி சத்தம் போடுதுன்னிய."

இசக்கியின் அண்ணன் முப்பிடாதியிடம் கேட்டார். "அப்போ எந்தங்கச்சிக்கு மூளை கலங்கலல்லா சார்? நாலு நாளா வீட்டுல தன் கையத் தானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

இசக்கி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அடித்த தாளை முப்பிடாதி எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். அவளைப் போகச் சொன்னார். எழுத்தர் புதிய தாளைச் செருகினார். பெயர்? ஆறுமுகநயினார். அப்பா பெயர்? வயது? மூன்று மணி வரை ஆனது. சாட்சியத்தை அழித்ததும் பொய்ச் சான்று கொடுத்ததும் தனித்தனிக் குற்றம் என்று விளக்கினார். வெளியூர் போகக் கூடாது. கூப்பிட்டால் வர வேண்டும்.

நடத்துநரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஜெபராஜ் போகும்போது சொன்னார். என்னிடம் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 22, வியாழன்

மோட்டார்காரர் வந்தார். பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கழற்றிக்கொண்டு போனார். இரண்டு நாளைக்குத் தண்ணீரை வாளியில் பிடிக்க வேண்டும்.

நான்கு மணிக்கு இசக்கி வந்தாள். திங்கள்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். அதைச் செண்பகத்திடம்தான் சொன்னாள். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. செண்பகம் காபி கொண்டுவந்து நீட்டினாள். "இருக்கட்டும் அம்மா" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதுக்கு வரல சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் புதன்கிழம காலைல உக்காந்து அந்த வரிய மாத்துனியள்ளா. அப்போ என்னைய நெனச்சியளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் நம்பியிருப்பாள். அந்தப் பதிலை வாங்கிப் போகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்றும் தோன்றியது. அதைக் கொடுத்திருந்தால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும்.

"நெனச்சேன்" என்றேன்.

"என்னன்னு?"

"மாட்டினா நீதான் மாட்டுவேன்னு தெரியும். உனக்கு வயசு இருக்கு, எப்படியும் நீ சமாளிச்சிருவேன்னு நெனச்சேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு கணக்கின் விடை சரியாக வந்ததைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"சரி சார்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

செண்பகம் அந்தக் காபியை என்னிடம் நீட்டவில்லை. கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினாள்.